ஒரு விளக்குத் தண்ணி

எங்க வீட்டு நீதிபதி அம்மாவுக்கு, குற்றவாளிக் கூண்டுல நின்ன அப்பா எழுதிக்கிறது. இங்க நானும் உங்கம்மாவும் சௌக்கியம், வண்டி சௌக்கியம், வண்டிக்குள்ள இருக்குற தண்ணி டேங்க் எல்லாரையும் விட சௌக்கியம். அங்க நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் எப்படி இருக்கீங்க? உன் இடுப்பு வலி தேவலையா? மாப்பிள்ளைக்கு இருமல் நின்னுச்சா, இல்ல இன்னும் வீடே அதிர இருமிட்டு எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு இருக்காரா? எல்லாத்துக்கும் பதில் வேணும். ஆனா இதுக்கு மேல படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணி எடுத்துட்டு வந்து உக்காரு, முழுசா குடி. பாதி குடிச்சிட்டு மீதிய ஜன்னல் ஓரமா வெச்சிட்டுப் போற பழக்கம் உனக்கு ஸ்கூல் போற காலத்துலேர்ந்து உண்டு. இந்தக் கடிதத்தை முடிச்சப்புறம் அந்தப் பாதி டம்ளரைப் பாத்தா நீயே ஓடிப் போய்க் குடிச்சிடுவ.

குடிச்சிட்டியா? சரி, இப்போ சொல்றேன். ஜெயிச்சுட்டோம்! நீ போட்ட பந்தயத்துல, நீ போட்ட சட்டப்படி, உன் தம்பி கண்ணு முன்னாடியே ஜெயிச்சுட்டோம். போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா போன்ல நீ நடுவுல நடுவுல குறுக்குக் கேள்வி கேப்ப. கடிதத்துல நீ வாயைத் திறக்க முடியாது பாரு, அதான் பேனாவை எடுத்தேன். நான் படிச்சது ஆறாவது, அதுலயும் பாதி நாள் மழைன்னு லீவு விட்டாங்க, அதனால எழுத்து முன்ன பின்ன இருந்தா பெரிய மனசு பண்ணிப் படி. உங்கம்மா பக்கத்துல உக்காந்து ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே நான் என்ன எழுதுறேன்னு எட்டி எட்டிப் பாக்குறா. இப்பவே ஒரு தடவை முழங்கையால இடிச்சாச்சு. முழுக் கதையையும் எழுதுங்க, உங்க வீரத்தை மட்டும் எழுதாதீங்கன்னு உத்தரவு.

நீ சொன்னது உனக்கே மறந்திருக்கும், எனக்கு மறக்கல. சலூனை ஒரு பையன்கிட்ட விட்டுட்டு இந்தப் பழைய வண்டி வீட்டை வாங்கினேன்ல, அதுலயே ஓட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றோம்னு நான் சொன்ன அன்னிக்கு நீ போன்ல போட்ட சத்தத்துல வாண்டு முழிச்சிக்கிட்டு அழுதான். வழியெல்லாம் தண்ணி கிடைக்காத இடம்ப்பா, உங்களுக்கு மூஞ்சி கழுவவே ஒரு குளம் வேணும், அம்மா கையில குழாய் மாட்டினா கிணறே காலி, நடு ரோட்டுல நீங்க ரெண்டு பேரும் நாக்கு வறண்டு நின்னா நான் இங்கேர்ந்து என்னப்பா பண்ணுவேன்னு கத்தின. அப்புறம் உன் தம்பியோட கூட்டணி வெச்சு சட்டம் போட்ட. ஒரு வாரம், குழாயே இல்லாத இடத்துல, ஒரு தடவை நிரப்பின தண்ணியை வெச்சு, தம்பியைக் கூப்பிடாம, யார்கிட்டயும் வாங்காம இருந்து காட்டணும். காட்டிட்டா வண்டியிலயே என் வீட்டுக்கு வாங்க, ஒரு வார்த்தை பேச மாட்டேன். இல்லைன்னா தம்பி பாத்து வெச்சிருக்கிற ஆளுக்கு வண்டியைக் குடுத்துட்டு வீட்ல உக்காந்து டிவி பாருங்கன்னு சொன்ன. உன் தம்பி அன்னிக்கே அளக்குற டேப்பை எடுத்துட்டு வந்து வண்டி நிக்கிற இடத்தை அளந்துட்டுப் போயிட்டான், தன்னோட காரை அங்க நிறுத்தலாமான்னு! பெத்த பிள்ளை என்னை மேலயும் கீழயும் பாத்தப்ப என்னையும் சேர்த்து அளக்குறானோன்னு இருந்துச்சு. உங்கம்மா அப்ப வாண்டுக்குப் பின்னுற ஸ்வெட்டரைக் கையில வெச்சுக்கிட்டு, அவனை ஒரு தடவை மடியில போட்டுக்கணும்னு மட்டும் சொன்னா. நாம ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் கத்திக்கிட்டு இருந்ததுல உனக்கு அது கேட்டிருக்காது.

வண்டியை நீ போட்டோவுலதான் பாத்திருக்க, உள்ள எப்படின்னு சொல்றேன். நாலு எட்டு வெச்சா முன்னாடிலேர்ந்து பின்னாடி வந்துடலாம், ஒருத்தர் திரும்பணும்னா இன்னொருத்தர் உக்காரணும். கை கழுவுற தொட்டி சாப்பாட்டுத் தட்டு அளவு. கட்டிலுக்கு அடியில நல்ல தண்ணி டேங்க், அலமாரிக்குள்ள சின்னதா ஒரு சுடுதண்ணி டிரம், தண்ணியைத் தள்ள ஒரு குட்டி மோட்டார். கட்டில் பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கு, அழுத்தினா நாலு விளக்கு எரியும். நாலும் எரிஞ்சா டேங்க் முழுசு, ரெண்டுன்னா பாதி, ஒண்ணுன்னா கால் பாகம், ஒண்ணுமே எரியலைன்னா உன் தம்பிக்குக் கொண்டாட்டம். வண்டியை வித்த மெக்கானிக் எல்லாத்தையும் அரை நாள் விளக்கினார். நானும் நல்லாத் தலையாட்டினேன். தலையாட்டாதீங்கன்னு வாழ்நாள் பூரா மத்தவங்களுக்குச் சொன்னவன்ல, எனக்கு ஒரு வாய்ப்பு கிடைச்சதும் ஆசை தீர ஆட்டிட்டேன், காதுல ஒண்ணும் ஏறல. உங்கம்மா கேட்டது ஒரே கேள்வி. இந்த டேங்க்கை எப்படித் தம்பி சுத்தம் பண்றதுன்னு. அவரும் வண்டிக்கு அடியில இருக்குற ஒரு மூடியைக் காட்டி, இதைத் திருகினா எல்லாம் வடிஞ்சிடும்மா, பழைய தண்ணியை மட்டும் உள்ள நிக்க விடாதீங்கன்னு சொன்னார். அவர் சொன்னது மாசக்கணக்கா வண்டி சும்மா நிக்கிறப்ப. உங்கம்மா மனசுல அது எப்படிப் பதிஞ்சுதுன்னு அந்த மெக்கானிக்குக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உனக்குத்தான் தெரியுமே, நம்ம வீட்ல நேத்துத் தண்ணின்னு ஒண்ணு கிடையாது. காலைல கண்ணு முழிச்சதும் குடம், ஜாடி, கெட்டில் எல்லாத்தையும் செடிக்குக் கவுத்துட்டுப் புதுசு புடிச்சாத்தான் உங்கம்மாவுக்குப் பொழுது விடியும். நீ பரீட்சைக்குப் படிக்கிறப்ப தலைமாட்டுல வெச்ச பாட்டில்கூட காலைல காலியா இருக்கும், நீ யாரு குடிச்சதுன்னு என்னோட சண்டை போடுவ. நான் எத்தனையோ தடவை நிரபராதியாத் திட்டு வாங்கியிருக்கேன். இப்ப நீயே கணக்குப் போட்டுக்கோ அடுத்து என்ன நடந்திருக்கும்னு.

பந்தயத்துக்காக நாங்க போன இடம் மேட்டு மேல ஒரு வெட்டவெளி. நாலு மரம், ஒரு கல் பெஞ்சு, ஒரு குப்பைத் தொட்டி, அவ்வளவுதான். மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு வண்டி நின்னுச்சு, பஸ் மாதிரி பெருசு. அதுல ஒரு போட்டோக்காரரும் அவர் வீட்டுக்காரம்மாவும். கல்யாண வீடுகள்ல போட்டோ எடுத்தே தலை நரைச்சவர். சிரிங்க சிரிங்கன்னு சொல்லிச் சொல்லி அவர் மூஞ்சி தானாவே சிரிச்சபடி நின்னுடுச்சு. சாயங்காலம் போய் சேர்ந்தோம், பொத்தானை அழுத்தினேன், நாலு விளக்கும் ஜம்முன்னு எரிஞ்சுது. உங்கம்மாகிட்ட பெருமையா சொன்னேன், பாத்தியா, வீடு மாதிரியேதான், குழாயைத் திறந்தா தண்ணி வரும்னு. அதுதான் நான் பண்ணின தப்பு, வீடு மாதிரியேன்னு சொல்லியிருக்கவே கூடாது. மறுநாள் காலைல வண்டிக்கு வெளிய மரத்துல கண்ணாடியைத் தொங்கவிட்டு ஷேவ் பண்ணிட்டு இருக்கேன், எங்கேயோ ஓடை ஓடுற சத்தம். அடடா, என்ன அருமையான இடம், ஓடையெல்லாம் இருக்கேன்னு ரசிச்சுக்கிட்டே இன்னொரு கன்னத்துக்கு சோப்புப் போட்டேன். அப்புறம்தான் என் செருப்பு நனையுறது தெரிஞ்சுது. திரும்பிப் பாத்தா வண்டிக்கு அடியிலேர்ந்து தண்ணி குபுகுபுன்னு வந்து சரிவுல இறங்கி ஓடுது, உங்கம்மா இடுப்புல கையை வெச்சுக்கிட்டு வாசல் தெளிச்சு முடிச்ச நிம்மதியோட நிக்கிறா. என்னைப் பாத்ததும், நேத்துத் தண்ணியைத் திறந்து விட்டுட்டேங்க, சீக்கிரம் புதுசு புடிச்சிடுங்கன்னு சொன்னா.

எதுல புடிக்கிறது! ஒரு கன்னத்துல சோப்போட தரையில விழுந்து புரண்டு வண்டிக்கு அடியில போய் அந்த மூடியைத் தேடித் திருகறதுக்குள்ள எனக்கு மூச்சே போயிடுச்சு. வெளிய வந்து, வண்டிக்குள்ள ஓடிப் பொத்தானை அழுத்தினா ஒரே ஒரு விளக்கு, அதுவும் கண்ணடிக்குது. அன்னிக்கு நான் கத்தின கத்துல மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துடுச்சு, அதை மறைக்க மாட்டேன். உங்கம்மா பதிலுக்குக் கத்தியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அவ கத்தல. உள்ள போய் கட்டில்ல உக்காந்து, பின்னிட்டு இருந்த ஸ்வெட்டரை ஊசியோட சுருட்டிப் பெட்டிக்குள்ள வெச்சு மூடிட்டா. அப்புறம் ரொம்ப மெதுவா, பையனுக்குப் போனைப் போடுங்க, வந்து கூட்டிட்டுப் போகட்டும், நாம அவங்க வீட்டுக்குப் போற மாதிரி விதி இல்லைன்னு சொன்னா. உங்கம்மா திட்டினா எனக்குப் பாட்டு கேக்குற மாதிரி, ஆனா அவ குரல் இறங்கினா அதுதான் எனக்குத் தண்டனை. போனை எடுத்தேன். அவ பாத்துட்டே இருந்தா. அப்படியே கொண்டு போய் மாவு டப்பாவுக்குள்ள போட்டு மூடினேன். என்ன பண்றீங்கன்னா. சொல்றேன், முதல்ல எந்திரி, நம்ம வீட்ல எதெதுல தண்ணி இருக்குன்னு பாப்போம்னு சொன்னேன்.

போட்டோக்காரர் இதுக்குள்ள சத்தம் கேட்டு ஓடி வந்துட்டார். நல்ல மனுஷன், எங்க டேங்க்ல நிறைய இருக்கு, ரெண்டு வாளி தர்றேன்னார். என் நாக்கு நுனி வரைக்கும் சரிங்க வந்துடுச்சு, யாருக்குத் தெரியப் போகுது, நீ அங்க இருக்க. உங்கம்மாதான் கட்டில்ல இருந்தபடியே, வேண்டாங்க, என் பொண்ணு யார்கிட்டயும் வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்னு சொல்லிட்டா. இதைக் கேட்டதும் அவர் உன்னை ஏதோ பெரிய போலீஸ் அதிகாரின்னு நினைச்சுட்டார். நானும் திருத்தல.

தோடு தொலைஞ்சா வீடு முழுக்கத் தேடுவோம்ல, அந்த மாதிரி தண்ணி தேடினோம் கண்ணு. குடிக்கிறதுக்குன்னு உங்கம்மா தனியா எடுத்து வெச்ச ரெண்டு கேன் அப்படியே இருந்துச்சு. டேங்க்ல ஆரம்பிச்சவ இன்னும் கேன் பக்கம் வரல, அதனால தப்பிச்சுது! அதுல கை வைக்கக் கூடாது, குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான்னு அவளே சட்டம் போட்டா, உன்னோட சட்டம் போடுற புத்தி எங்கேர்ந்து வந்துதுன்னு அப்பதான் புரிஞ்சுது. அப்புறம் கெட்டில்ல கொஞ்சம். அவ முழங்காலுக்கு வெச்சுக்குற ரப்பர் பையில கொஞ்சம். ஐஸ் தட்டுல இருக்குற கட்டி. பட்டாணி டின்னுக்குள்ள இருக்குற தண்ணியை எடுத்துக் காட்டினப்ப அவ முகத்துல லேசா சிரிப்பு வந்துச்சு, நானும் விடாம பல் செட் போட்டு வெக்கிற கிண்ணத்தை எடுத்து நீட்டினேன், ச்சீன்னு கையைத் தட்டி விட்டா. ஆள் திரும்பி வந்துட்டான்னு நிம்மதியாச்சு. அப்புறம் அவளேதான் சுடுதண்ணி டிரம் இருக்கேன்னு ஞாபகப்படுத்தினா. அடி மூடியைத் திறந்தா டேங்க்தான் வடியும், டிரம் வடியாது. மேல இருக்குற காத்துத் திருகைத் தளர்த்திட்டு அப்புறம் கீழ திறக்கணும்னு மெக்கானிக் சொல்லியிருக்கார், நான் தலையாட்டியிருக்கேன், அவ்வளவுதான். நேரா கீழ திறந்தேன், பீச்சி அடிச்சுது மூஞ்சில. நல்லவேளை ஆறின தண்ணி. உங்கம்மா பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிட்டு ஓடி வந்து டிரம்முக்கு அடியில பிடிப்பான்னு பாத்தா, முதல்ல என் தாடைக்கு அடியில பிடிச்சா. சொட்டுறதை வீணாக்காதீங்கன்னு! பிடிச்ச டிரம் தண்ணியை டேங்க்லயே ஊத்தினோம், விளக்கு கண்ணடிக்கிறதை நிறுத்துச்சு.

அதுலேர்ந்து எங்க குடித்தனமே மாறிடுச்சு. மோட்டார் சுவிட்சை அணைச்சே வெச்சோம், வேணுங்கிறப்ப மட்டும்தான் போடுறது. அது அணைஞ்சிருந்தா குழாயைத் திறந்தாலும் ஒண்ணும் வராது. உங்கம்மா கை பழக்கத்துல தானா குழாய்க்குப் போகும், திருகும், காத்து வரும், அதைப் பாத்து நான் சிரிப்பேன், அவ முறைப்பா. ஸ்கூல் சமையலறையில முப்பது வருஷம் ஓடுற குழாய்க்குக் கீழேயே பாத்திரம் கழுவின கை, அதைச் சொல்லிக் குத்தமில்ல. நான் சலூன்லேர்ந்து எடுத்துட்டு வந்த தண்ணி அடிக்கிற பாட்டிலைக் கொடுத்தேன், தலைக்குப் புஸ் புஸ்னு அடிப்பேன்ல, அதேதான். சாப்பிட்ட தட்டை முதல்ல காகிதத்தால வழிச்சுத் துடைக்கணும், அப்புறம் ரெண்டு புஸ், ஒரு துடைப்பு, தீர்ந்துது வேலை. முதல் தடவை நான் செஞ்சு காட்டினப்ப, இதென்ன, தட்டுக்கு முடி வெட்டப் போறீங்களா, பக்கத்துல கிருதா வேணுமான்னு கேட்டுக்கோங்கன்னு கிண்டல் பண்ணினா. சாயங்காலம் பாத்தா பாட்டில் அவ கையில இருக்கு, என் டம்ளருக்கு மூணு புஸ் அடிச்சதுக்கு என்னையே திட்டுறா. முட்டை வேக வெச்ச தண்ணி ஆறினதும் கை கழுவ, கை கழுவின தண்ணி பேசின்ல சேந்து கக்கூஸுக்கு. குளியல்னா ஒரு சொம்பு தண்ணி, ஒரு துண்டு. நனைச்சுப் பிழிஞ்சு துடைச்சுக்கணும், அவ்வளவுதான். நான் வீரத்துல குடிக்கிற தண்ணியையும் குறைச்சுப் பாத்தேன், ஒரு மத்தியானம் லேசா தலை சுத்துச்சு. உங்கம்மா கண்டுபிடிச்சுட்டா. எதுல வேணா மிச்சம் பிடிங்க, தொண்டையில பிடிக்காதீங்க, உங்களைப் பொட்டலமா கட்டிக் கொண்டு போய் என் பேரனுக்குக் காட்டவான்னு சத்தம் போட்டு அவ கண்ணு முன்னாடியே ரெண்டு டம்ளர் குடிக்க வெச்சா. இது உனக்கும் சேர்த்துதான், வேலையில உக்காந்தா தண்ணி குடிக்கவே மறந்துடுற, இடுப்பு வலிக்கு அதுவும் ஒரு காரணம்னு உங்கம்மா சொல்றா.

உன் தம்பி தினமும் சாயங்காலம் போன் பண்ணுவான். மாவு டப்பாவுக்குள்ளேர்ந்து மணி அடிக்கும். உங்கம்மா எடுத்து நல்லா இருக்கோம்டான்னு சொல்லிட்டு வெப்பா, பேசி முடிச்சா காது, கன்னம் எல்லாம் வெள்ளை. அவன் விட மாட்டான், எத்தனை விளக்கும்மா எரியுதுன்னு கேப்பான். எரியுது எரியுதும்பா. பொய் சொல்லல பாரு, ஒண்ணு எரிஞ்சுதே! ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்தப் பயந்துக்கிட்டு நீ அழுத்து நீங்க அழுத்துங்கன்னு தள்ளி விட்டுக்குவோம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், உக்காந்தே படி. பாதி வாரம் தாண்டினப்புறம் ஒரு நாள் பெரிய காத்து அடிச்சு மேடெல்லாம் ஒரே புழுதி. அடங்கினப்புறம் பாத்தா உங்கம்மா தலை முழுக்க மண்ணு. அவ கூந்தல் உனக்குத் தெரியும், அவுத்து விட்டா கட்டில்ல பாதி அவளுது, பாதி கூந்தலோடது, எனக்கு ஓரம்தான். அதை அலசணும்னா ஒரு வாளி போதாது. அந்த ஒரு வாளி போச்சுன்னா விளக்கும் போச்சு. துணியைக் கட்டிக்கிட்டுப் பொறுத்துப் பாத்தா, அரிப்புல தூங்க முடியல. நான் சொன்னேன், போனாப் போகுது, அலசிக்கோ, தோத்தா தோத்துட்டுப் போவோம்னு. மனசாரத்தான் சொன்னேன். அவ முக்காலியைத் தூக்கிட்டுப் போய் மரத்தடியில போட்டு உக்காந்து, கத்தரிக்கோலை எடுத்துட்டு வாங்கன்னா.

கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் ஆசையா நுனி மட்டும் வெட்டி விடட்டுமான்னு கேட்டேன், ஊர்ல இருக்குற தலையெல்லாம் உங்களுது, இந்தத் தலை என்னுதுன்னு அவ சொன்னது உனக்கும் தெரியும், நம்ம வீட்ல பழைய ஜோக் அது. அதுலேர்ந்து இன்னி வரைக்கும் தொட விட்டதில்ல. எவ்வளவு வெட்டணும்னு கேட்டேன். ஒரு சொம்புத் தண்ணில அலசுற அளவுக்குன்னா. எந்த வாடிக்கையாளரும் என்கிட்ட இப்படி ஒரு அளவு சொன்னதில்ல. யோசிச்சுச் சொல்றியான்னேன். முடி வளரும், பேரன் இதே வயசுல நிக்க மாட்டான், வெட்டுங்கன்னு கழுத்தை நேரா வெச்சுக்கிட்டா. சீப்பு ரெண்டு தடவை கையிலேர்ந்து விழுந்துச்சு. எத்தனையோ மாப்பிள்ளைங்களுக்கு முகூர்த்த நேரத்துல அவசரமா ஷேவ் பண்ணி விட்டவன், அன்னிக்குச் சீப்பைப் பொறுக்கிக்கிட்டு நின்னேன். ஆனா ஆரம்பிச்சப்புறம் கை தானா ஓடுச்சு. நடுவுல அவளும் சும்மா இருக்கல, நீங்க மூச்சு விடாம பேசுவீங்கன்னு சலூன்ல எல்லாரும் சொல்வாங்களே, இன்னிக்கு மட்டும் ஏன் வாயில கொழுக்கட்டையான்னு கேட்டுட்டே இருந்தா. முடிச்சுட்டுக் கண்ணாடியைக் காட்டினேன். இப்படித் திருப்பினா, அப்படித் திருப்பினா, கழுத்துல காத்து படுது, நல்லா இருக்கு, இத்தனை வருஷம் ஏன் நீங்க வற்புறுத்தலைன்னு கேட்டா பாரு! அநியாயத்துக்கு ஒரு அளவு வேணாமா? அலசினப்ப சரியா ஒரே சொம்புத் தண்ணி, அதுலயும் அடியில ரெண்டு மடக்கு மிச்சம். சொன்ன அளவுக்கு வெட்டிக் கொடுத்திருக்கேன். அப்புறம் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துப் பின்ன ஆரம்பிச்சுட்டா.

கடைசி நாள் காலைல உன் தம்பி வந்து இறங்கினான். காருக்குப் பின்னாடி பெரிய கேன்ல தண்ணி நிரப்பிக் கொண்டு வந்திருந்தான். பந்தயத்துல எதிர்க்கட்சி, ஆனா பாசம் விட்டுடுமா? அதையும் எழுதணும்ல, இல்லைன்னா உங்கம்மா இன்னொரு இடி இடிப்பா. வந்ததும் மரத்தடியில முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்த உங்கம்மாகிட்ட போய், ஏங்க, இங்க நிக்கிற சின்ன வண்டியில ஒரு வயசான அம்மா இருப்பாங்களே, அவங்க எங்கன்னு கேட்டான். உங்கம்மா திரும்பாமயே, வயசான அம்மால்லாம் யாரும் இல்ல தம்பி, வேற இடத்துல போய்த் தேடுங்கன்னு சொன்னா. நான் வண்டிக்குள்ள வாயைப் பொத்திக்கிட்டு உருளுறேன். அவன் சரிங்கன்னு தலையாட்டிட்டு நாலு எட்டு நடந்து போயிட்டான், அப்புறம்தான் அந்தக் குரல் உறைச்சிருக்கு. திரும்பி வந்து அம்மான்னு கூப்பிட்டவன் அப்படியே புல்லுல உக்காந்துட்டான். அப்புறம் என்னம்மா இப்படி அழகாயிட்டன்னு கேட்டான். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் வண்டி நிக்கிற இடத்தை அளந்ததை மன்னிச்சுட்டேன்.

அப்புறம் பரீட்சை. நான் பக்கத்துலயே போகல, நீயே அழுத்திப் பாருடான்னு சொல்லிட்டேன். அவன் பொத்தானை அழுத்தினான். ஒண்ணும் எரியல. உங்கம்மா என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா. நல்லா அழுத்துடா, மெத்தையை அமுக்குற மாதிரி அமுக்கினா எப்படின்னு அதட்டினேன். திரும்ப அழுத்தினான். எரிஞ்சுது! ஒரே விளக்கு, கண்ணு சிமிட்டாம நின்னு எரிஞ்சுது. அவன் நம்பல, விளக்கு பொய் சொல்லும்னு சொல்லி மோட்டாரைப் போட்டுக் குழாயைத் திறந்தான். வந்துச்சு பாரு தண்ணி, கம்பி மாதிரி, நுரைச்சுக்கிட்டு! அவன் அதைப் பாத்துக்கிட்டு வாயைப் பிளந்து நிக்கிறான். உடனே ஒரு சத்தம், போதும், மூடுடா, தண்ணி என்ன சும்மாவா வருதுன்னு. யாருன்னு நினைக்கிற? குழாயை மூடவே தெரியாதுன்னு நீ சொன்னியே, அந்த அம்மாதான். நான் திரும்பி நின்னு மரத்தைப் பாத்தேன். தோள் குலுங்கினதை வெச்சு நான் சிரிக்கிறதைக் கண்டுபிடிச்சுட்டா.

எங்க தண்ணிலேயே டீ போட்டோம், போட்டோக்காரரையும் அவர் வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டோம். கல் பெஞ்சுல அஞ்சு பேரும் உக்காந்து ஆளுக்கு ஒரு டம்ளர் குடிச்சோம். வாளியைத் தூக்கிட்டு எங்களுக்குத் தர வந்த மனுஷனுக்கு நாங்க டீ கொடுக்குறோம், ராஜா மாதிரி இருந்துச்சு எனக்கு. உன் தம்பி கொண்டு வந்த கேனை அந்த மரத்துக்கு ஊத்தச் சொல்லிட்டா உங்கம்மா, ஒரு வாரமா நிழல் கொடுத்துச்சேன்னு. அவன் பாவம் சுமந்து சுமந்து ஊத்தினான். கை கழுவக் கேட்டதுக்கு ரெண்டு புஸ் அடிச்சு விட்டேன். போட்டோக்காரர் சாட்சிக்குன்னு ரெண்டு போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கார், இதோட வெச்சிருக்கேன். ஒண்ணுல எரியுற விளக்கு. இன்னொண்ணுல எனக்குப் பக்கத்துல ஸ்டைலா நிக்கிற பொம்பளை யாருன்னு சந்தேகப்பட்டு என்னைக் கேள்வி கேக்காத, உன்னைப் பெத்தவதான்.

வீட்டுச் செடிக்கெல்லாம் தண்ணி ஊத்துறதா உன் தம்பி ஒத்துக்கிட்டான், தோத்தவனுக்குத் தண்டனை. சலூனை எடுத்த பையன் உள்ள டிவி வெச்சுட்டானாம், வாடிக்கையாளர் எல்லாம் அதையே பாத்துட்டு எந்திரிக்க மாட்டேங்குறாங்களாம், நல்லா வேணும். அடுத்த வாரம் கிளம்புறோம். நீ ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொல்லியிருக்க, நீதிபதி வாக்கு மாறக் கூடாது. உன் வீட்டுக் குழாயிலேர்ந்து தெருவுல வண்டி நிக்கிற இடம் வரைக்கும் எட்டுற மாதிரி ஒரு நீளமான ஓஸ் வாங்கி வை, மாப்பிள்ளையை இருமாம அளந்து பாக்கச் சொல்லு. வாண்டுவோட நெஞ்சளவு எழுது, ஸ்வெட்டருக்குக் கை மட்டும்தான் பாக்கி. எல்லாரும் நோய் நொடி இல்லாம, மனசு நிறைஞ்சு நல்லா இருங்க, நான் வந்து கிண்டல் பண்றதுக்குத் தெம்போட இருங்க. வழி பூராவும் அந்த மூடிப் பக்கமே போக மாட்டேன்னு உங்கம்மா என் தலையில கையை வெச்சுச் சத்தியம் பண்ணியிருக்கா, என் தலையில அடிச்சுப் பண்ற அளவுக்கு முடி இல்லைங்கிறது வேற விஷயம். பதிலுக்கு நானும் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கேன். உன் வாசல்ல வண்டியை நிறுத்தினதும் முதல் வேலையா அவதான் கீழ குனிஞ்சு அந்த மூடியைத் திருகப் போறா. வழியெல்லாம் கட்டிக் காத்துக் கொண்டு வந்த நேத்துத் தண்ணி மொத்தமும் உன் வீட்டுச் செடிக்குத்தான். ஓடுற சத்தம் கேட்டா ஓடையோன்னு ரசிச்சுக்கிட்டு நிக்காத, கதவைத் திற, நாங்க வந்துட்டோம்னு அர்த்தம்.

இப்படிக்கு,
கூண்டுலேர்ந்து வெற்றியோட இறங்கி வந்த
உன் அப்பா

கண்ணு, இது அம்மா. அவர் எழுதினதுல ஒண்ணை விட்டுட்டார். வெட்டின கூந்தலை என்ன பண்ணினீங்கன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குறார். அவரோட கத்தரிக்கோல் பெட்டிக்குள்ள துணியில சுத்தி வெச்சிருக்கார், நான் பாத்துட்டேன். ஓஸ் நீளமா வாங்கு.